108 மெகாபிக்சல் என்று விற்கிற போன்: காசு குடுக்க முதல் பாருங்கோ

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் போன் வாங்கப் போறவர்கள் கவனம். ஒரே ஏமாற்றுத்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. பெட்டியில் 108 மெகாபிக்சல், அதாவது படத்தில் 10 கோடியே 80 இலட்சம் புள்ளி (பிக்சல்) என்று இருக்கும். கடை வாசல் வெயிலில் ஒரு படம் எடுத்துக் காட்டுவார்கள், பளிச்சென்று வரும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவு எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும்போதுதான் முகமெல்லாம் மெழுகு பூசினமாதிரிக் கிடக்கும். திருப்பிக் கொண்டுபோனால், "உங்களுக்கு எடுக்கத் தெரியேல்லை அண்ணை" என்பார்கள்.

கோளாறு கையில் இல்லை. 108 மெகாபிக்சல் சென்சரில் (ஒளியைப் பதிகிற சில்லில்) ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.6 தொடக்கம் 0.8 மைக்ரோமீற்றர் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றுதான் ஒரு மைக்ரோமீற்றர்). எஃப் 1.8 (வாய் அகன்ற) லென்ஸ் ஒரு குறையும் இல்லாததாக இருந்தாலும், பச்சை ஒளியின் ஒரு புள்ளியை ஏறக்குறைய 2.4 மைக்ரோமீற்றர் வட்டமாகத்தான் விழுத்தும். ஒளி ஒரு அலை, அதை எந்தக் கொம்பனிக்காரனும் மாற்ற ஏலாது. ஒரு புள்ளியே மூன்று பிக்சல் அகலத்தை மூடிவிடுகிறது. அதனாலும், சின்னப் பிக்சலுக்கு ஒளி காணாததாலும்தான் போன் ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத் தருகிறது. அது நல்ல முறைதான். அதை "ஒன்பது மடங்கு தெளிவு" என்று சொல்லி விற்பதுதான் பிழை. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் 1/15 செக்கன் அளவுக்குத் திறந்திருக்கும், அசைகிற பிள்ளை கலங்கித்தான் வரும். மிச்சத்தை மென்பொருள் துடைத்துவிடும், தலைமயிர் இழையும் அதோடு போய்விடும்.

இதைவிட மோசம், 8 அல்லது 13 மெகாபிக்சல் சென்சரைப் போட்டுவிட்டு மென்பொருளால் 48 ஆக ஊதிக் காட்டுகிற மலிவுப் போன்கள். பின்பக்கத்து நாலு கமராக் கண்ணில் ஒன்றிரண்டு வெறும் கண்ணாடியாகவும் இருக்கும். கமராவைத் திறந்து ஒவ்வொரு கண்ணாக விரலால் மூடுங்கோ. எந்த முறையில் வைத்தும் திரை இருளாவிட்டால் அந்தக் கண் பொம்மையாக இருக்கலாம்.

மெகாபிக்சல் உண்மையோ என்று கடையிலேயே சோதிக்கலாம்: பத்திரிகை ஒன்றைச் சுவரில் ஒட்டி, அரை மீற்றர் தள்ளிப் போனைப் பெட்டியில் சாய்த்து, 2 செக்கன் ரைமரில் சாதாரண முறையிலும் முழு மெகாபிக்சல் முறையிலும் எடுங்கோ. அழகூட்டும் பில்டரை முதலே நிற்பாட்டுங்கோ. 108 மெகாபிக்சல் போனென்றால் படத்தின் விபரத்தில் ஒன்று 4000×3000, மற்றது 12000×9000 என்று காட்டவேணும். பகல் வெளிச்சத்திலும் பெரிய படத்தில் சின்ன எழுத்து கொஞ்சமும் கூடத் தெளியாவிட்டால் அது ஊதின படமாக இருக்கலாம். நாலு மூலையையும் பாருங்கோ. ஒரு மூலை மட்டும் கலங்கினால் லென்ஸ் சரிவாக இருக்கிறது. பிறகு கடையின் இருட்டு மூலையிலும் ஒன்று.

ஸ்ரூடியோவில் அச்சடித்த படம் கலங்கி வந்தால் போனைத் திட்ட முதல், எப்படி அனுப்பினீர்கள் என்று பாருங்கோ. வாட்ஸ்அப் சாதாரணமாக நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குக் குறைக்கும். நல்ல அச்சுக்கு அது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் காணும், அவ்வளவுதான். டொக்கியூமென்ராக அனுப்பினால் முழுசாகப் போகும்.

திருத்துகிற இடத்திலும் காசு கறப்பார்கள். படம் புகைமூட்டமாக இருந்தால் உடனே "கமரா மாத்தவேணும்". இன்னொரு போனின் ரோர்ச்சைச் சரிவாகப் பிடியுங்கோ, வெளிக்கண்ணாடியில் கீறல் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி மாற்றினாலே காணும். ஆனால் பூச்சில்லாத மலிவுக் கண்ணாடி போட்டால் இரவில் லைற்றைச் சுற்றிக் கோடுகோடாய் இழுக்கும். பசை சரியாக ஒட்டாவிட்டால் சோளகக் காற்றுக்குக் கிரவல் ரோட்டுத் தூசி உள்ளே போய்விடும்.

படம் ஜெலிமாதிரி ஆடி, கமராவுக்குள் இரைச்சலும் கேட்டால் நடுக்கம் தாங்கும் பொறி போயிருக்கலாம். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் போனைப் பூட்டி ஓடினால் இப்படி ஆகலாம் என்று 2021இல் அப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதற்கு மாற்றுகிற கமராவில் அந்தப் பொறி இருக்கா என்று கேட்டு, பில்லில் எழுதுவியுங்கோ. ஐபோன் 12 தொடக்கம் ஒறிஜினல் இல்லாத கமராவை செற்றிங்ஸில் 'எபௌட்' பக்கமே காட்டிக்குடுக்கும்.

வாங்கும் பில்லிலும் மொடல் இலக்கம், ஐஎம்ஈஐ (அந்தப் போனுக்கு மட்டும் உரிய இலக்கம்), சொன்ன மெகாபிக்சல் மூன்றும் இருக்கட்டும். கடைக்காரர் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.