பஸ்ஸிலும் அடுப்படியிலும் வாசித்த பக்திப் புத்தகங்கள்: பத்து வருஷத்துக்கு மேலான அனுபவம்

மதுரையில் பசுமலையிலிருந்து பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்வருகிறவள் நான். கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. பத்து வருஷத்துக்கு மேலாகக் கிறிஸ்தவப் புத்தகங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பாதி பஸ்ஸில், மீதி ராத்திரி பாத்திரம் கழுவி ஒதுக்கிய பிறகு. வாங்கினவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாம் தடவை தொட்டதே இல்லை. திரும்பத் திரும்பக் கைக்கு வருவது நாலைந்து புத்தகங்கள்தான். விசுவாசத்துக்கு உதவியது எது, அலமாரியை மட்டும் நிரப்பியது எது என்று இப்போது ஓரளவு தெரிகிறது.

முதலில் அலமாரியை நிரப்பியவை. சபைக் கூட்டங்களில் வாசலில் மேசை போட்டு விற்கும் சாட்சிப் புத்தகங்களை நிறைய வாங்கியிருக்கிறேன். கடன் தீர்ந்தது, வியாதி குணமானது, வேலை கிடைத்தது என்று போகும். வாசிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும், மறுமாதம் எது யாருடைய கதை என்றே நினைவிருக்காது. பொய் என்று சொல்ல வரவில்லை. கடைசிப் பக்கத்துக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது, அதுதான் எனக்குச் சிக்கல். நம் வீட்டில் அப்படி ஆவதில்லையே. இன்னொரு வகை, அமெரிக்காவிலிருந்து வந்து தமிழான தினதியானப் புத்தகங்கள். சித்திரை வெயிலில் பழங்காநத்தத்தில் பஸ் நிற்கும்போது, வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் அள்ளியவருக்குக் கிடைத்த ஆவிக்குரிய பாடத்தை வாசித்துக்கொண்டிருப்பேன். சரி, அவர்கள் ஊரில் பனி பெய்கிறது, அவர்களைக் குறை சொல்லி என்ன.

என்னோடு தங்கியவற்றில் முதலாவது ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். இங்கிலாந்தில் 1678-ல் வெளிவந்தது. பனியன் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழிலாளி. அரசாங்க அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் படக்கதையாகக் கேட்டபோது, முதுகில் பாவ மூட்டையோடு மோட்சத்துக்குப் போகிறவன் சிலுவையடியில் வந்ததும் மூட்டை அவிழ்ந்து உருளுமே, அது மட்டும் மனசில் நின்றது. முழுப் புத்தகத்தையும் வளர்ந்த பிறகு வாசித்தால்தான், மூட்டை விழுவது கதையின் ஆரம்பப் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது என்பது தெரியும். கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து சந்தேகக் கோட்டைப் பகுதியை வாசித்தேன். நடக்கிற பாதை கரடாக இருக்கிறதென்று பக்கத்துப் புல்வெளியில் இறங்கியவர்களை அவநம்பிக்கை என்ற ராட்சதன் பிடித்து நிலவறையில் போடுகிறான். புதன் காலையிலிருந்து சனி ராத்திரி வரை சோறு தண்ணீர் வெளிச்சம் எதுவும் கிடையாது. அடி வேறு. 'இப்படி இருப்பதைவிட நீங்களே உயிரை மாய்த்துக்கொள்ளலாமே' என்று புத்தி வேறு சொல்கிறான். சனிக்கிழமை நடுராத்திரி ஜெபிக்க ஆரம்பித்து, விடியப்போகும் நேரத்தில்தான் கதாநாயகன் கிறிஸ்தியானுக்குத் தன் மார்பிலேயே வாக்குத்தத்தம், அதாவது கடவுளின் வாக்குறுதி, என்ற சாவி இருப்பது நினைவு வருகிறது. இதுவரை எல்லாப் பிரசங்கங்களிலும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. உள்கதவுகள் சுலபமாகத் திறக்கின்றன, வெளியே உள்ள இரும்புக் கதவின் பூட்டு மட்டும் முரண்டு பிடிக்கிறது. அதே சாவிதான், ஆனாலும் மல்லுக்கட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கி பர்ஸில் வைத்துக்கொள்ளும் நமக்கு இந்த முரட்டுப் பூட்டை யாரும் காட்டுவதில்லை. அன்றைக்கு அந்த ஒரு வரி எனக்குச் செய்ததை நூறு சாட்சிப் புத்தகம் செய்திருக்காது.

இதே கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்று காப்பியமாகவே பாடினார், 1894-ல். நெல்லைச் சீமைக்காரர், வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். 'சத்தாய் நிஷ்களமாய்' கீர்த்தனை அவருடையது என்றால் சபைக்குப் போகிற யாருக்கும் புரியும். இதைத் தனியாக வாசிக்க எனக்கு முடியவில்லை. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேரை உட்கார வைத்துப் பத்துப் பத்துப் பாட்டாக ராகம் போட்டுச் சொல்வார். அர்த்தம் முழுதும் விளங்காத இடத்திலும் காதில் நிற்கிறது. காப்பியத்தைக் கண்ணால் மட்டும் வாசித்தால் பலன் பாதிதான்.

அடுத்தது கிறிஸ்துநாதர் அநுசாரம், அதாவது கிறிஸ்துவைப் பின்பற்றுதல். தோமாஸ் கெம்பிஸ் என்ற துறவி பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதியது. பக்கத்து வீட்டு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) அக்கா கொடுத்தது. "ஒரு நாளைக்கு ஒரு அதிகாரந்தான் தாயி, கூடப் படிக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏன் என்று முதல் அதிகாரத்திலேயே விளங்கிவிட்டது. தாழ்மை இல்லாமல் திரித்துவத்தை, அதாவது பிதா, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, பற்றி ஆழமாகத் தர்க்கம் பண்ணி என்ன பிரயோஜனம் என்று கேட்கிறது. பாவத்துக்கான மனவருத்தத்துக்கு விளக்கம் சொல்லத் தெரிவதைவிட அதை உணர்வதே மேல் என்கிறது. சத்தம் போடாமல் நெற்றியில் குட்டும் புத்தகம். நாலு பாகங்களில் நாலாவது நற்கருணையை, அதாவது சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை, பற்றியது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)காரியான எனக்கு அதில் சில இடங்கள் ஒட்டவில்லை, ஆனால் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை அதைத்தான் எடுக்கிறேன். ஒரு குறை சொல்ல வேண்டும்: உலகத்தை விட்டு ஒதுங்கு என்று மடத்துக்காரர்களுக்குச் சொன்னது இது. கடையில் கணக்கு எழுதி, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவளுக்கு அப்படியே பொருந்தாது.

அந்த இடைவெளியை அடைத்தது சகோதரர் லாரன்ஸ். பாரிஸில் கார்மேல் சபைத் துறவியர் மடம் ஒன்றில் சமையல்கட்டு வேலை பார்த்தவர். அவரோடு நடந்த உரையாடல்களையும் அவர் கடிதங்களையும் 1691-ல் அவர் இறந்த பிறகு தொகுத்தார்கள். மெல்லிய புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடலாம். அடுப்படி வேலையும் ஜெபமும் வேறு வேறு நேரம் இல்லை என்பதுதான் மொத்தச் செய்தி. வாசிப்பது சுலபம், தோசை தீய்கிற நேரத்தில் செய்து பார்ப்பது சுலபமில்லை.

நம் நாட்டுக்கு வந்து தமிழில் எழுதியவர்களையும் முயன்று பார்த்தேன். ராபர்ட் தெ நோபிலி 1606-ல் எங்கள் மதுரைக்கு வந்து, தமிழில் கிறிஸ்தவ உரைநடைக்கு வழி போட்டவர். மரியாதை உண்டு, ஆனால் அந்த நடை இன்றைக்குப் பஸ்ஸில் ஓடாது. வீரமாமுனிவரின் தேம்பாவணிக் காப்பியம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனில் இறக்கி வைத்திருக்கிறேன், உரையோடுதான் நகர்கிறது.

வாசிக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய பைபிள் பகுதியை முடிக்காமல் வேறு புத்தகத்தைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஜெபத்தைப் பற்றி அரை மணி நேரம் வாசித்தால் அரை மணி நேரம் ஜெபித்த திருப்தி வந்துவிடும். இந்த வகைப் புத்தகங்களில் எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்து அதுதான். நல்ல புத்தகம் ஏதோ ஓர் இடத்தில் நம்மையே புத்தகத்தை மூடவைக்கும். பழங்கால ஆயர் அகஸ்டின் அதில் கெட்டிக்காரர். Confessions என்ற புத்தகத்தில் தன் வாழ்க்கையை முழுக்கக் கடவுளிடமே பேசுவதுபோல எழுதியிருக்கிறார். வீட்டில் இதைவிட நல்ல பேரிக்காய் இருக்கும்போது, அடுத்தவர் மரத்தில் திருடிப் பன்றிகளுக்குப் போட்டதைப் பக்கம் பக்கமாகக் கிளறுகிறார். பசிக்கு இல்லை, ருசிக்கு இல்லை, தப்பு என்பதாலேயே செய்தேன் என்கிறார். கடையில் தூக்கம் வரும் மத்தியான வேளையில் அதை வாசித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரியைப் பற்றி நான் சொன்ன ஒரு கோள் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் அன்று வாசிக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஆரம்பத்துக்கு லாரன்ஸ் அல்லது பனியன். மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கிறது, ஒட்டிய பைண்டிங் மடித்துப் பிடித்தால் விட்டுவிடுகிறது. கடையில் நின்று பத்துப் பக்கம் வாசித்துப் பார்த்து, மொழி தடுக்காமல் போனால் மட்டும் வாங்குங்கள். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் கடை போட்டால் பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதி. இரவல் கொடுத்தால் திரும்பாது, மோட்சப் பிரயாணம் மட்டும் நான் மூன்றாவது பிரதியில் இருக்கிறேன்.