டிஹெச்-மேக்-பெர்ல்: சி லைப்ரரியை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்

பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சீபேனில் இருக்கும் மாட்யூலை டெபியன் லினக்ஸ் பேக்கேஜாக மாற்ற எனக்கு ரொம்பப் பிடித்த கருவி டிஹெச்-மேக்-பெர்ல். மாட்யூலுக்குத் தேவையான மற்ற பெர்ல் மாட்யூல்கள் எந்த பேக்கேஜில் இருக்கின்றன என்று ஆப்ட்-ஃபைல் என்ற தேடல் கருவி வழியாகத் தேடி, பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் கன்ட்ரோல் கோப்பில் தானே எழுதிவிடும். எத்தனை நேரம் மிச்சம்!

ஆனால் சி லைப்ரரி என்று வந்தால் கவனம் தேவை. பழகிப் பார்க்க, எக்ஸ்பேட் என்ற சி லைப்ரரியை நம்பியிருக்கும் எக்ஸ்எம்எல் பார்சர் மாட்யூலை எடுத்தேன். என் கணினியில் ஒழுங்காக பில்ட் ஆனது, ஏனென்றால் பில்டுக்குத் தேவையான எக்ஸ்பேட் ஹெடர் கோப்பு என்னிடம் எப்போதோ நிறுவியதாக இருந்திருக்கிறது. ஆனால் புதிதாக உருவாக்கிய குரூட்டில் (கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைத்த, வெறும் அடிப்படை டெபியன் சூழல்) எக்ஸ்பேட் கிடைக்கவில்லை என்று ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. கன்ட்ரோல் கோப்பில், பில்டுக்குத் தேவையானவற்றைச் சொல்லும் பில்ட்-டிபென்ட்ஸ் வரியில், அந்த ஹெடர் இருக்கும் லிப்எக்ஸ்பேட்1-டெவ் பேக்கேஜைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அப்புறம், ஓடும்போது தேவைப்படும் லைப்ரரியை எழுத வேண்டியதில்லை, டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் என்ற டெபியன் கருவி, பில்ட் ஆன பைனரியைப் பார்த்துச் சேர்த்துவிடும்.