ஷோரூம் கண்ணாடிக்குள் ஒரு பத்மினி

ராமநாதபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஷோரூம் ஒன்றில், புது மாடல்களுக்கு நடுவே பழைய பிரீமியர் பத்மினி கார் நிற்கிறது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் லீவர். பெயிண்ட் பளபளப்பு அசத்தல்.

ஆனால் கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டவில்லை. துருவை வெட்டித் தகடு வைக்காமல் பட்டி பூசி மூடிய வேலை. இந்த உப்புக்காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. பெயிண்ட் குமிழ் விட்டுவிடும். பம்பர் குரோமில் இப்போதே ஊசிமுனைப் புள்ளிகள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து மெழுகு போட வேண்டும் (போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்புதான்).

நான்கு டயரும் தரையில், காற்றும் குறைவு. அப்படியே நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். ஆக்சில் ஸ்டாண்டில் (காரைத் தூக்கி நிறுத்தும் தாங்கி) ஏற்றலாம். டேங்க் பெட்ரோலையும் வடிக்கவில்லை, கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) பிசின் பிடித்து அடைக்கும். விவரப் பலகையில் தயாரிப்பு ஆண்டே காணோம்.