ஸ்கோப்பும் கைபேசியுமா, நீண்ட லென்ஸா?

கோடியக்கரைச் சேற்றில் இரை தேடும் கொசு உள்ளான் என்ற பறவை சிட்டுக்குருவி அளவுதான். அது நிற்பதோ நாம் நெருங்க முடியாத தொலைவில். அதைப் படமெடுக்க மூன்று வழிகள் உண்டு: ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (முக்காலியில் நிறுத்தி ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) கைபேசியைப் பொருத்துவது, 150-600 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமரா, நிக்கான் பி1000 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா. பறவைகளைப் பார்த்துப் பழகவும் விரும்புகிறவர் ஸ்கோப்பைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பேன்.

ஆனால் அதன் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கைபேசியின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் 520 மி.மீ., 60 மடங்கில் 1560. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் முன் லென்ஸின் விட்டம் 65 மி.மீ. உள்ள ஸ்கோப்பில் முதலாவது முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவின் எஃப்/8 துளை அளவு, இரண்டாவது எஃப்/24 அளவு. அதாவது வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 20-30 மடங்கில் எடுத்துப் பிறகு படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்வதே மேல். வெயில் ஏறினால் உப்பளத்தில் கானல் எழுந்து படம் நெளியும். எந்தக் கருவி வைத்திருந்தாலும் இதற்கு வழி விடியற்காலையில் போவதுதான்.

கற்க வேண்டியது பெரும்பாலும் பொருத்துவதில்தான் இருக்கிறது. ஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்திலுள்ள விளிம்பான ஐகப்பைக் கீழே இறக்குங்கள். கைபேசி லென்ஸ் நடுவிலிருந்து சற்று விலகினாலும் கறுப்பு வளையம் விழும். அடாப்டர் இல்லாமல் கையால் பிடித்துச் சமாளிப்பது பெரும்பாடு. பல லென்ஸ் உள்ள கைபேசி தானாக வேறு லென்ஸுக்குத் தாவினால் திரை இருண்டுவிடும், அதனால் முதன்மை லென்ஸிலேயே நிறுத்துங்கள். ஃபோகஸை ஸ்கோப்பின் வளையத்தில் திருத்தி, டைமரிலோ ரிமோட்டிலோ சொடுக்குங்கள். திரையைத் தொட்டால் அதிரும்.

பறக்கும் ஆலாப் பறவைக்கு இதெல்லாம் உதவாது. குறுகிய பார்வைப் பரப்புக்குள் அதைப் பிடித்து, கையால் ஃபோகஸும் செய்வதற்குள் அது போய்விடும். அங்கே தானாக ஃபோகஸ் செய்யும் நீண்ட லென்ஸ்தான் வேண்டும். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றே கூடுகளை எடுக்கவும் அது போதும், பின்னணியும் அழகாகக் கலங்கும். சூப்பர்ஜூம் 3000 மி.மீ. வரை எட்டும், எடையும் ஒன்றரைக் கிலோவுக்குள்தான். அதன் சென்சார் மிகச் சிறியது, மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளிபுள்ளியாகும்.

ஸ்கோப்பின் உண்மையான பலம் கால் வளையங்களில் தெரியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். காலில் எழுத்துள்ள கொடி இருந்தால் கைபேசியில் வீடியோ எடுங்கள். பறவை திரும்பும் ஏதோ ஒரு சட்டகத்தில் எழுத்து தெளிந்துவிடும். அந்தப் பறவைக்கு எங்கே வளையமிட்டார்கள் என்பதை அறிய அந்த எழுத்தும் கொடியின் நிறமும் உதவும்; ஓர் அழகான படத்தைவிட எனக்கு அது பெரிது.

பணம் குறைவென்றால் ஸ்கோப்பில் ஒரு படி இறங்குங்கள், முக்காலியில் இறங்காதீர்கள். கடற்காற்றில் ஆடும் முக்காலியின் மேல் எந்த ஸ்கோப்பும் வீண்.