உருண்டை போட்ட வடிகட்டி ஷவர்: வாங்கலாமா?

சிங்கப்பூரின் தேக்கா கடைகளிலும் இணையக் கடைகளிலும் இப்போது அதிகம் தென்படுவது கைப்பிடிக்குள்ளேயே வடிகட்டி வைத்த ஷவர். ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் கைப்பிடி, உள்ளே வெள்ளைப் பஞ்சுக் குழாய், அதன் மேல் இரண்டு மூன்று நிறத்தில் சிறு உருண்டைகள். அட்டைப்பெட்டியில் இரண்டு வாக்குறுதிகள்: குளோரினை நீக்கும், பாக்டீரியாவைத் தடுக்கும். முதல் வாக்குறுதி நிறைவேறினால் இரண்டாவது கெட்டுப்போகும். இந்த வகையில் எதை வாங்குவதற்கு முன்பும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்த்து அனுப்புவது குளோராமின் என்னும் குளோரின் வகைக் கிருமிநாசினி. சாதாரணக் குளோரினைவிட மெதுவாகச் சிதைவதால், ஆலையை விட்டு, புளோக்கின் மேல்தொட்டியைத் தாண்டி, குளியலறை வரை அது கிருமியைக் கட்டுப்படுத்திக்கொண்டே வருகிறது. நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவை. லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை பெருகும். 35 டிகிரியை ஒட்டி மிக வேகமாகப் பெருகும். குளிர்நாடுகளில் பச்சைத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வைத்தே இதைத் தடுத்துவிடுகிறார்கள். இங்கே குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஆகவே நம் கையில் இருப்பவை இரண்டுதான்: குளோராமின், தேங்காத ஓட்டம். இந்தக் கிருமி ஷவரின் நுண்துளிகளோடு மூச்சில் ஏறி நுரையீரலில் அழற்சி உண்டாக்கும். முதியவர், புகைப்பவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

இனி வடிகட்டி. கைப்பிடிக்குள் மாட்டும் வடிகட்டி உறைகளில், வைட்டமின் சி உள்ள உறை குளோராமினை உண்மையாகவே உடனே முறித்துவிடும். கரி உறைக்கு அதற்கு நேரம் போதாது. தண்ணீர் நொடிப்பொழுதில் கடந்துவிடுகிறது. பஞ்சுக் குழாயின் துளை பொதுவாக 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லெஜியோனெல்லாவின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அது எந்தத் தடையும் இல்லாமல் நுழைந்துபோகும். பஞ்சு பிடிப்பது துருவையும் மணலையும் மட்டுமே. குழாய் பழுதுபார்ப்புக்குப் பின் பழுப்புத் தண்ணீர் வரும் சில நாட்களுக்கு அது உதவும்.

இரண்டு மாதம் ஓடிய உறையைத் திருகித் திறந்து, பஞ்சை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெளிப்புறம் பழுப்பு, உட்புறம் வழவழவென்று நழுவும். அந்த வழவழப்புதான் கிருமிப்படலம். குளோராமின் போன தண்ணீர், வெதுவெதுப்பான குளியலறை, ஒட்டிக்கொள்ளப் பஞ்சின் ஆயிரம் இழை. ஒரு கிருமிக்கு வேறென்ன வேண்டும்? உறையை மாதம் ஒருமுறை மாற்றினால் படலம் குறையும், ஆனால் வழக்கமாக ஓட்டம் சுருங்கிய பிறகுதான் மாற்றுகிறார்கள்.

பொருத்துவதில் குறை இல்லை. அரை அங்குல மரை பெரும்பாலான குழாய்களுக்குப் பொருந்தும், வாஷர் சரியாக உட்கார்ந்தால் டேப் சுற்றக்கூடத் தேவையில்லை. பீய்ச்சும் வேகம் நன்றாக இருக்கும். ஆனால் துளைகள் மிகச் சிறியவை என்பதால் நுண்துளி அதிகம். இந்த விஷயத்தில் அது குறையே.

எங்கள் தீர்ப்பு: கிருமிக்காக இதை வாங்காதீர்கள். முகப்புத் தட்டைக் கழற்றக்கூடிய, வடிகட்டி இல்லாத சாதாரண ஷவரே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையும் ஹோஸையும் கழற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்து, 10 லிட்டர் வாளித் தண்ணீரில் மணமில்லாத 5 சதவீத பிளீச் 10 மில்லி கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஹோஸுக்குள்ளும் அந்தக் கலவை நிறைய வேண்டும்; ஒன்றரை மீட்டர் ஹோஸில் ஏறக்குறைய 75 மில்லி தண்ணீர் எப்போதும் தேங்கியே கிடக்கிறது. பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீட்டில் இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். மின்கட்டணத்துக்குப் பயந்து 40 டிகிரியில் வைப்பதும், பத்து நிமிடம் மட்டும் போட்டு அணைப்பதும் தொட்டியைக் கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே நாள் முழுக்க வைத்திருக்கும். 60 டிகிரியில் வைத்து, ஹீட்டரின் விளக்கு அணையும்வரை சூடேற விடுங்கள். அந்தச் சூடு பிள்ளைகளின் தோலைச் சில நொடியில் சுட்டுவிடும், அதனால் முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்து, பிறகு சுடுநீரைக் கலக்க வேண்டும். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் தொட்டி இல்லை, இந்தக் கவலையும் இல்லை.

ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியதும் நேராக ஷவருக்கு அடியில் நிற்காதீர்கள். ஷவர்த் தலையை வாளித் தண்ணீருக்குள் முக்கி, தெறிக்காமல் சில நிமிடம் ஓட விடுங்கள்.

வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் உண்டென்றால், கேட்டு வாங்க வேண்டியது மருத்துவமனைகளில் பயன்படும் 0.2 மைக்ரான் சவ்வு வடிகட்டி. விலை அதிகம், குறித்த நாளில் தூக்கிப் போட்டே ஆக வேண்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.