பழைய றிங்கர் மெசின் வாங்கப் போறவைக்கு: நிலம் துப்பரவாக இருந்தால் கவனம்

ரொறன்ரோவுக்கு வடக்கே, வீட்டுக் கராச்சில் பழைய உடுப்புத் தோய்க்கிற மெசின்களைத் திருத்தி விற்கும் ஒருவரிடம் நான் ஏமாந்தேன். ஆளின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையைச் சொன்னால் போதும்.

மெசின், மேய்டாக் மொடல் ஈ. சதுர அலுமினியத் தொட்டி, மேலே உடுப்புப் பிழிய இரண்டு றப்பர் உருளை, அதுதான் றிங்கர். மேய்டாக் 1983 வரைக்கும் றிங்கர் மெசின் செய்தது. 2006இல் கொம்பனியை வேர்ள்பூல் வாங்கியது, அடுத்த வருசமே ஐயோவாவில் இருந்த நியூட்டன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது பல்சக்கரம் தேய்ந்தால் இன்னொரு கிழட்டு மெசினை உடைத்துத்தான் எடுக்கவேணும். விற்கிறவருக்கும் இது வடிவாகத் தெரியும்.

“முழுக்கத் திருத்தியது, 400 டொலர்” என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் பளபளவென்று நிற்கிறது. கீழே சீமெந்து நிலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதைத்தான் அவர் பெருமையாகக் காட்டினார். இந்த வயசு மெசினில் எண்ணெயை அடைத்துவைக்கிற சீல் காய்ந்து கொஞ்சமாவது கசியும் என்பதால் எனக்கும் அது பெரிய விசயமாகப் பட்டது. வெறும் தொட்டியோடு அரை நிமிசம் ஓட்டிக் காட்டினார். சத்தமும் பிழையில்லை.

வீட்டில் தண்ணீரும் உடுப்பும் போட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கீச்சிடத் தொடங்கியது. கியர்ப் பெட்டியில் கை வைக்க ஏலாத சூடு. கழற்றிப் பார்த்தேன். கசிவை அடைக்க அவர் சீல் மாற்றவில்லை, எண்ணெயையே வடித்துவிட்டிருக்கிறார்! அடியில் கறுப்புக் களி, அதற்குள் மினுங்கும் இரும்புத் தூள்.

தொட்டிக்கும் அதே வைத்தியம்தான். காரமான சவர்க்காரத் தண்ணீர் தேங்கி நின்றால் அலுமினியம் குழி குழியாக அரிபடும். அந்தக் குழிகளில் கார் ஒட்டுவேலைக்குப் பூசுகிற புட்டியை அப்பி, மேலே வெள்ளி நிறப் பெயின்ற் அடித்திருந்தார். சுடுதண்ணீர் பட்டதும் உரிந்து உடுப்பில் ஒட்டிக்கொண்டது.

காசு போனதை விடுவம். றிங்கரில் செய்த வேலையைத்தான் மன்னிக்க முடியவில்லை. கை அகப்பட்டால் தட்டிவிட ஒரு பட்டி இருக்கும், தட்டினால் உருளைகள் விட்டுக்கொடுக்கும். ஒரு காலத்தில் பிள்ளைகளின் கை முழங்கைவரை உள்ளே இழுபட்டு, அந்தக் காயத்துக்கு வைத்தியர்கள் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். இந்த மெசினில் உருளைகளை இறுக்கிப் பிடிக்கிற கொளுவி தேய்ந்து அடிக்கடி கழன்றிருக்கவேணும், மனுசன் அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, கம்பிக்கும் பெயின்ற் அடித்துவிட்டார். பிளக்கும் அப்படித்தான். வெளியே மூன்று முள், உள்ளே இரண்டே வயர். ஈரச் சீமெந்தில் நின்று ஓட்டுகிற மெசினுக்கு எர்த் இல்லை.

தொலைபேசியில் கேட்டபோது, “இவ்வளவு பழைய சாமானுக்கு உத்தரவாதம் கேட்கிறீரோ?” என்று சிரித்தார். பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை.

வாங்கப் போனால் உங்கள் கண்முன்னே சுடுதண்ணீர் நிரப்பி, நனைந்த துவாய் போட்டு, கால் மணித்தியாலமாவது ஓட்டச் சொல்லுங்கோ. நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கியர்ப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கோ. மடித்த துவாயை உருளைக்குள் விட்டுப் பட்டியைத் தட்டிப் பாருங்கோ. பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ. நடுவில் உள்ள கலக்கியைத் தூக்கவேணும். அலுமினியக் கலக்கி இரும்புத் தண்டில் இறுகியிருப்பது சகசம், சுடுதண்ணீர் பட்டால் அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரிந்து, பிடி இளகலாம். தூக்கவே விடமாட்டேன் என்றால் திரும்பி வாங்கோ.

அவருடைய விளம்பரம் இன்னும் நிற்கிறது. இந்த முறை வெள்ளை நிற வட்டத் தொட்டி, அதே துப்பரவான நிலம், விலை 450.