ஹைபிரிட் ரிலே சோதனை கிட்: கிளவுஸ் தரம், லீடு மோசம்

இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டின் பெரிய பேட்டரி சுமார் 200 வோல்ட் டி.சி. ஹாரன் ரிலேயைப் பிடுங்கிப் பார்க்கிற கையோடு இதன் மெயின் ரிலேயை (பெரிய பேட்டரியை வண்டியோடு இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) தொட்டால் உயிருக்கே ஆபத்து. வேலூர் பட்டறைகளில் இந்த வண்டிகள் வரத் தொடங்கிவிட்டதால், இப்போது கிட்டாக விற்கும் ரப்பர் கிளவுஸ், மீட்டர், இன்சுலேட்டட் ஸ்பேனர் செட் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள்.

கிளவுஸ் அருமை. மின்காப்புத் தரம் கிளாஸ் 0, ஆயிரம் வோல்ட் ஏ.சி. வரை. ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் கிளவுஸின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்துங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று இறங்கும். கத்திரி வெயிலில் உள்ளே வேர்த்துக் கொட்டும் என்பதால் மெல்லிய பருத்தி கிளவுஸை உள்ளே போடலாம்.

தோல் மேலுறை கிட்டில் இல்லை, இது பெரிய குறை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் நீளமான வெல்டிங் கிளவுஸ் உதவாது. மேலுறை குட்டையாக இருந்து, மணிக்கட்டில் குறைந்தது 13 மி.மீ. ரப்பர் வெளியே தெரிய வேண்டும். ரப்பரையே மூடிவிட்டால், ஈரத் தோல் வழியாக மின்சாரம் கைக்கு ஏறும்.

அடுத்தது மீட்டர். முகப்பில் கேட் 3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்), 1000 வோல்ட் என்று இருக்கிறது. லீடில், அதாவது மீட்டரின் சோதனை வயரில், விரல் தடுப்புக்குப் பக்கத்தில் பார்த்தால் 600 வோல்ட், கேட் 2. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. லீடைத் தனியாக வாங்குங்கள்.

பயன்படுத்தும் முறை: வண்டியை அணைத்து சாவியைத் தூரமாக வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கிளவுஸ் மாட்டி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்வெர்டரில் (பேட்டரி டி.சி.யை மோட்டாருக்கு ஏ.சி.யாக்கும் பெட்டி) கப்பாசிட்டரின் சார்ஜ் இறங்கப் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு டி.சி. வோல்ட்டில் இன்வெர்டர் முனைகளில் பூஜ்யம் வர வேண்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை என்று முன்னும் பின்னும் 12 வோல்ட் பேட்டரியில் சரிபாருங்கள். பிளக் போனாலும் பேட்டரிக்குள் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கும். ரிலே இருப்பதும் அதன் பக்கத்திலேதான். ஆகவே ரிலே வெளியே வரும்வரை கிளவுஸைக் கழற்றாதீர்கள்.

ரிலே மேசைக்கு வந்ததும், காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது கான்டாக்டில் 10 கிலோ ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் 1 ஓமுக்குக் கீழே. பீப் சத்தத்தை நம்பாதீர்கள், கருகிய கான்டாக்டும் பீப் அடிக்கும். எண்ணைப் படித்து, லீடின் சொந்த ஓமைக் கழியுங்கள்.

ஸ்கேனரில் பி0ஏஏ1 அல்லது பி0ஏஏ4 என்ற பழுதுக் கோடு வந்து, காயிலுக்குக் கரண்ட் இல்லாமலே கான்டாக்ட் மூடியிருந்தால் ஒட்டிப்போயிருக்கிறது. உரசிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது, முதலில் பாயும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். அது பழுதாக இருந்தால் முதல் சுவிட்ச்சிலேயே பாயும் கரண்ட்டில் புது ரிலேயும் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும்.

கிளவுஸுக்காக இந்தக் கிட்டை வாங்கலாம். ஆனால் கிளவுஸ் மேல் அச்சிட்ட சோதனைத் தேதியைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். உபயோகத்துக்கு வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும்.